என்ன வேலை பார்க்கிறீர்கள்? – டாக்டரம்மா பதில்கள்

முதுமையும் உடல்நலமும் பற்றி இந்த முறை கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் வயது இருந்தது, எடை இருந்தது, சாப்பிடும் மாத்திரைகள்கூட மில்லிகிராம் கணக்கோடு இருந்தன. பார்க்கும் வேலை என்ன என்று எழுதியவர்கள் மட்டும் கொஞ்சம் பேர். தொழிற்சாலை மருத்துவராகவே காலத்தை ஓட்டிய எனக்கு அது தெரியாமல் பதில் சொல்ல வராது. இது என் பிடிவாதம் மட்டுமில்லை. 1700இல் பெர்னார்டினோ ரமாசினி என்ற இத்தாலிய மருத்துவர் தொழிலாளர்களின் நோய்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு அவர் செய்யும் தொழிலையும் கேளுங்கள் என்று சக வைத்தியர்களுக்கு அதில் சொன்னார். முந்நூறு வருஷம் தாண்டியும் பல மருத்துவர்களின் சீட்டில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. ஆகவே வேலையைச் சொல்லிக் கேட்டவர்களுக்கே இந்த முறை பதில். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாமல் வேலையையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: குடோனில் சுமை ஏற்றி இறக்குகிறேன். வயது 51. பிரஷர் இருக்கிறது என்று டாக்டரிடம் போனால், தினமும் அரைமணி நேரம் நடங்கள் என்கிறார். நாள் முழுக்க நடப்பதும் தூக்குவதும்தான் என் பிழைப்பே. எனக்கு எதற்கு உடற்பயிற்சி?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த டாக்டர் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. கொஞ்சம் விளக்க வேண்டும்.

உழைக்கிற உடம்புக்கு நோய் வராது என்று நம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. அதற்கு விஞ்ஞான முத்திரை கிடைத்தது 1953இல். லண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார். நடத்துநர் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறுவார். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாக இருந்தது, வந்தாலும் அவ்வளவு கடுமையாக இல்லை. அன்றிலிருந்து உடலுழைப்பு என்றாலே நல்லது என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டு வந்தோம்.

அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. ஏறக்குறைய 2 லட்சம் பேரைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018இல் ஒரு கணக்குப் போட்டார்கள். வேலையில் கடுமையான உடலுழைப்பு உள்ள ஆண்கள் சீக்கிரம் இறக்கும் ஆபத்து, உடலுழைப்பு குறைந்த வேலை பார்க்கும் ஆண்களைவிட 18 சதவீதம் கூடுதல். பெண்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஓய்வு நேரத்தில் ஓடி ஆடுகிறவர்களுக்கோ ஆயுள் கூடுகிறது. ஒரே உடம்பு, ஒரே தசை, விளைவு மட்டும் தலைகீழ். இதில் புகைப்பழக்கம், வருமானம் எல்லாம் கலந்திருக்கின்றன என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் சுமைதூக்கிகளின் உடம்பைப் பக்கத்திலிருந்து பார்த்த எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

விளையாடப் போனவர் மூச்சு வாங்கினால் நின்றுகொள்வார். தோள் வலித்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விடுவார். உங்கள் லாரி அப்படி விடாது. அரைமணி நேரம் வேகமாக ஓடி இதயத்தைப் பழக்குவது வேறு. எட்டு பத்து மணி நேரம் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறியபடியே இருப்பது வேறு. முதலாவது பயிற்சி. இரண்டாவதில் உடம்பு ஆறுவதற்குள் அடுத்த நாள் வந்துவிடுகிறது.

என் அறையில் கைப்பிடி வலுவை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. அதைச் சுமைதூக்கிகள் போட்டி போட்டுக்கொண்டு அழுத்துவார்கள், முள் நன்றாக ஏறும். அந்த ஆளையே சட்டையைக் கழற்றிவிட்டுக் கையைத் தலைக்குமேல் தூக்கச் சொன்னால் பாதியில் நின்றுவிடும். தோள் போயிருக்கும். கைப்பிடி வலு குறையக் குறைய ஆயுள் குறைகிறது என்று 17 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2015இல் காட்டியது. 5 கிலோ பிடி குறைந்தால் மரண ஆபத்து 16 சதவீதம் கூடுகிறதாம். நல்ல ஆய்வுதான். ஆனால் அந்தக் கருவிக்குத் தோளைத் தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது: மாத்திரையை விடாதீர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதீர்கள். மூச்சை அடக்கித் தூக்கும்போது அந்த நொடியில் ரத்த அழுத்தம் விர்ரென்று ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். வேலை முடிந்த களைப்பில் நடைப்பயிற்சி வேண்டாம், படுங்கள். விடுமுறை நாளில் கையை வீசி, உங்கள் இஷ்டத்துக்கு வேகமாக நடங்கள், நிற்கத் தோன்றினால் நில்லுங்கள். இது உங்கள் நடை, லாரியின் நடை இல்லை. மற்றதெல்லாம் குடோனில் நடக்க வேண்டியது: தள்ளுவண்டி, இரண்டு பேர் சேர்ந்து தூக்குவது, ஒரு லாரி முடிந்ததும் உட்காரக் கொஞ்ச நேரம். அதை ஒருவராகப் போய்க் கேட்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி: நாள் முழுக்கக் கடையில் நின்றபடி வேலை. உட்கார்ந்தே இருப்பதுதானே கெடுதல்? நான் தப்பித்தேன் என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ள முடியாது, அம்மா. கனடாவின் ஒன்டாரியோவில் 7,000க்கும் அதிகமான தொழிலாளர்களைச் சுமார் 12 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலும் நின்று வேலை செய்தவர்களுக்கு இதயநோய் வரும் ஆபத்து, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்தவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிற்கும்போது ரத்தம் காலிலேயே தேங்குகிறது. நடந்தால் கெண்டைக்கால் தசை அதை மேலே தள்ளும். சும்மா நின்றால் தள்ளாது. நிற்பதும் உட்காருவதும் மாறி மாறி வர வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டால் வாடிக்கையாளர் யாரும் ஓடிவிட மாட்டார்கள் என்று உங்கள் முதலாளியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: சாஃப்ட்வேர் வேலை. வயது 36. வாரத்துக்கு 60 மணி நேரத்துக்குக் குறையாது. சனி ஞாயிறு தூங்கி ஈடுகட்டிவிடுகிறேன். செக்கப் செய்தால் எல்லாம் நார்மல். இளமையில் உழைத்துவிட்டு அப்புறம் ஓய்வெடுப்பதில் என்ன தப்பு?

செக்கப் நார்மலாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அதில்தான் இந்த விஷயத்தின் தந்திரமே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், 55 மணியோ அதற்குமேலோ உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் இதனால் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது அடுத்த வரியை. இறந்தவர்களில் பெரும்பாலோர் 60 முதல் 79 வயதுக்காரர்கள். 45க்கும் 74க்கும் இடைப்பட்ட வயதில் அப்படி உழைத்தவர்கள். உழைத்த வருஷத்தில் பில் வருவதில்லை. நீங்கள் "அப்புறம்" என்று ஒதுக்கி வைத்திருக்கும் அந்த வருஷங்களில்தான் வருகிறது.

ஜப்பானில் அதிக உழைப்பால் நேரும் சாவுக்கு 'கரோஷி' என்றே தனிப் பெயர் உண்டு. மாரடைப்புக்கோ பக்கவாதத்துக்கோ முந்தைய ஒரு மாதத்தில் 100 மணி நேரம் ஓவர்டைம், அல்லது இரண்டு முதல் ஆறு மாதங்களில் மாதம் சராசரியாக 80 மணிக்குமேல் ஓவர்டைம் இருந்தால், வேலைக்கும் நோய்க்கும் வலுவான தொடர்பு உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். குடும்பத்துக்கு இழப்பீடு தரலாமா என்று பார்க்கும் அளவுகோல் அது. இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். வாரத்துக்கு 40க்கு மேல் 20 மணி. மாதத்துக்கு 80ஐத் தாண்டிவிட்டீர்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, தம்பி. உங்களுக்குக் கணக்கு நன்றாக வரும் என்பதால் சொல்கிறேன்.

ஒரு மாதத்துக்கு, லேப்டாப்பை மூடும் நேரத்தைத் தினமும் குறித்து வையுங்கள். படுத்துக்கொண்டு போனில் பதில் அனுப்புவதும் வேலைதான், அதையும் சேருங்கள். நீங்கள் சொல்லும் 60 உண்மையில் 60தானா என்று எனக்குச் சந்தேகம். அந்தத் தாளோடு மேலாளரிடம் பேசுவது "ரொம்ப வேலையாக இருக்கிறது சார்" என்று புலம்புவதைவிடப் பலன் தரும். ரத்த அழுத்தத்தையும் சனிக்கிழமை தூங்கி எழுந்து பார்க்காமல் புதன்கிழமை சாயங்காலம் பாருங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் குமாஸ்தா. பெரிய பொறுப்பு, டென்ஷன் எல்லாம் எங்கள் மேலதிகாரிக்குத்தான். ஆனால் பிரஷரும் மாரடைப்பும் எங்கள் பிரிவில்தான் வருகின்றன. அவர் நன்றாகத்தான் இருக்கிறார். இது எப்படி?

நல்ல கண் உங்களுக்கு. இதையேதான் 1967இல் தொடங்கிய ஒரு ஆய்வு கண்டுபிடித்தது.

பிரிட்டிஷ் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த 17,500க்கும் அதிகமான ஆண்களை மைக்கேல் மார்மட் குழுவினர் ஆராய்ந்தார்கள். அதிகாரிகளுக்குத்தான் அதிக மாரடைப்பு வரும் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. வந்த முடிவு வேறு. கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம் மேல்நிலை அதிகாரிகளைப்போல மூன்று மடங்கு. அதுவும் மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம் என்று இரண்டாகப் பிரியவில்லை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆபத்து கொஞ்சம் ஏறியது. எல்லோருக்கும் நிரந்தர வேலை, யாரும் பட்டினி இல்லை. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தபிறகும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேரோடு இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார்கள். வேலையின்மேல் தனக்குப் பிடி இல்லாதவருக்கு இதயநோய் அதிகம் வருகிறது என்று அதில் தெரிந்தது.

அதிகமான வேலை மட்டும் ஆளை அவ்வளவாகச் சாய்ப்பதில்லை. வேலையும் அதிகம், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் இல்லை என்றால்தான் ஆபத்து. அமெரிக்காவில் ராபர்ட் கராசெக் 1979லேயே இந்தச் சேர்க்கையைச் சுட்டிக்காட்டினார். உங்கள் மேலதிகாரிக்கு டென்ஷன் வந்தால் கூட்டத்தைத் தள்ளிவைப்பார், இல்லாவிட்டால் உங்கள் மேஜைக்குத் தள்ளிவிடுவார். நீங்கள் யாரிடம் தள்ளுவீர்கள்?

பிரஷரோடு வருபவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: "இன்றைக்கு எந்த வேலையை முதலில் செய்வது என்று நீங்களே முடிவு செய்யலாமா?" பலர் சிரித்துவிடுவார்கள். கழிவறைக்குப் போகவே கையைத் தூக்கிக் கேட்க வேண்டும் என்று தொலைபேசி சேவை மையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் சொன்னாள். இருபத்தெட்டு வயதுக்காரியை அப்படிக் கேட்க வைக்கும் இடத்தில் யோகா வகுப்பு நடத்தி என்ன ஆகப்போகிறது? நடத்தினார்கள், அது வேறு கதை.

ஆகவே உங்கள் பிரிவில் சின்னதாக ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கோப்பு முதலில் என்பதைப் பிரிவே தீர்மானிக்கட்டும். சம்பள உயர்வைவிட இதைக் கொடுப்பது நிர்வாகத்துக்குச் சுலபம். இன்னொன்றும் உண்டு. மூளைக்கு வேலை தரும், தன் முடிவுக்கு இடம் தரும் வேலையில் இருப்பவர்களுக்கு முதுமையில் மறதிநோய் குறைவாக வருகிறது என்று ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பற்றிய 2021ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. பத்தாயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு, அப்படிப்பட்ட வேலையில் 4.8 பேர், மூளைக்கு வேலையே இல்லாத வேலையில் 7.3 பேர். பெரிய எண்கள் இல்லை, ஆனால் முப்பது வருஷத்துக்கு ஒரே முத்திரையைக் குத்திக்கொண்டிருப்பவருக்கு இது தெரிய வேண்டும்.

கேள்வி: என் கணவர் 57 வயதுவரை பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் மெஷினில் இருந்தார். இப்போது டிவி சத்தம் தெருவுக்கே கேட்கிறது. பேசினால் "என்ன, என்ன" என்கிறார், இல்லையென்றால் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார். வயசானால் காது மந்தமாவது சகஜம்தானே என்கிறார்.

வயதும் காதைக் கெடுக்கும்தான். ஆனால் வயது கெடுத்த காதும் மெஷின் கெடுத்த காதும் ஆடியோகிராமில், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், வேறு மாதிரி இருக்கும். வயதால் வருவது மிக உயர்ந்த ஒலிகளை நோக்கிச் சரிவாக இறங்கிக்கொண்டே போகும். சத்தத்தால் வந்தது 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த ஒலியின் பக்கத்தில் ஒரு குழி விழுந்து, 8,000இல் மறுபடி கொஞ்சம் ஏறும். அந்தக் குழி விழுந்த காகிதத்தைப் பார்த்தே ஆள் எந்தப் பிரிவிலிருந்து வருகிறார் என்று என்னால் பாதி ஊகித்துவிட முடியும். வருஷங்கள் போகப் போக வயதும் சேர்ந்து அந்தக் குழியை மூடி, முழுக்கச் சரிவாக்கிவிடும். அப்புறம் எல்லாப் பழியும் வயதின்மேல் போய்விடும்.

சத்தத்தில் ஒரு ஏமாற்று இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. 88 ஆனால் நான்கு மணி நேரம்தான் தாங்கும், 91 ஆனால் இரண்டு மணி. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடுகிறது. எண்ணைப் பார்த்தால் அப்படித் தெரியாது. மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது. காதடைப்பானைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. ஸ்பாஞ்சு அடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, மறுகையால் காதின் மேல்நுனியைப் பின்பக்கமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அதைக் காதின் வாசலில் ஒட்ட வைத்திருப்பார்கள். கேட்டால் போட்டிருக்கிறேன் என்பார்கள். மெஷினைச் சத்தமில்லாமல் ஆக்குவதுதான் முதல் வேலை, அடைப்பான் கடைசி.

உங்கள் கணவர் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார் என்பதுதான் எனக்குக் கவலை. நடுவயதில் வரும் காதுக்கோளாறு பிற்கால மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய பெரிய காரணங்களில் ஒன்று என்று 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2017லிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. காது கேட்காதவர் கூட்டத்தைத் தவிர்ப்பார், பேச்சைக் குறைப்பார், அதோடு உலகமே சுருங்கும். காது மருத்துவரிடம் இந்த மாதமே அழைத்துப் போங்கள். கருவி வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும், கழற்றி டப்பாவில் போட விடாதீர்கள். அதுவரை, அடுத்த அறையிலிருந்து கூப்பிடாமல், முகம் தெரியும்படி எதிரே நின்று, கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் சொல் சிதைந்துதான் அவர் காதில் விழும்.

கேள்வி: நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டி உடம்புக்குப் பழகிவிடும் என்கிறார்களே?

மனசுக்குப் பழகும். உடம்புக்குள் ஓடும் கடிகாரம் வெளிச்சத்தைத்தான் நம்பும், டியூட்டி சார்ட்டை இல்லை. இரவு வேலையைப் புற்றுநோய் தரக்கூடிய சாத்தியம் மிகுந்தவற்றின் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வைத்தது, 2019இல் மறுபடி பார்த்து அதையே உறுதிசெய்தது. இரவில் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டுப் போக முடியாது, யாராவது விழித்திருக்கத்தான் வேண்டும். அதனால் சார்ட் போடுகிறவரிடம் பேசுங்கள். காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்ட் சுற்றினால் உடம்பு தாங்கும், பின்னோக்கிச் சுற்றினால் தடுமாறும். தொடர்ந்து பல இரவுகள் வேண்டாம். ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் 11 மணி நேரமாவது வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது சட்டம். வீட்டுக்குப் போனதும் ஜன்னலை மூடிவிட்டுப் படுங்கள், துணி துவைத்துவிட்டுப் படுக்கலாம் என்று நினைக்காதீர்கள். காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்க முடிந்தால் ரொம்ப நல்லது.

கேள்வி: கல் அறுக்கும் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வேலையைத்தான் விட்டாச்சே?

நீங்கள் விட்டாலும் தூசி உங்களை விடவில்லை. கல் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பாகும். அந்தத் தழும்பு வேலையை விட்டபிறகும் வளரலாம். கண்ணுக்குத் தெரியும் தூசியில் பெரும்பகுதி மூக்கிலேயே நின்றுவிடும். உள்ளே போவது கண்ணுக்குத் தெரியாதது. சிலிக்கா புகுந்த நுரையீரலில் காசநோயும் சுலபமாகப் பற்றும். ஆஸ்பெஸ்டாஸ் இன்னும் மோசம், 20 முதல் 50 வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரும். ஒரு தாளில் இதுவரை பார்த்த வேலைகள் எல்லாவற்றையும், எத்தனை வருஷம், ஈரமாக அறுத்தீர்களா உலர்வாகவா என்பதோடு எழுதுங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் செய்யச் சொல்லி, அந்தத் தாளை டாக்டர் கையில் கொடுங்கள். அது இல்லாமல் போனால் ஆஸ்துமா என்று ஒரு பம்பு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும்.

கேள்வி: சம்பளத்துக்குப் போகவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் கணவரைப் பார்த்துக்கொள்கிறேன். இதெல்லாம் உங்கள் கணக்கில் வேலையா?

என் கணக்கில் நிச்சயமாக வேலை. லீவு இல்லாத, ஷிப்ட் முடியாத வேலை. துணையைப் பராமரிக்கும் முதியவர்களை அமெரிக்காவில் நான்கு ஆண்டுகள் கவனித்து 1999இல் வெளியிட்டார்கள். பராமரிப்பில் நொந்துபோனவர்கள் இறக்கும் ஆபத்து, அப்படிப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். பராமரித்தாலும் நோகாதவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை. வாரத்தில் ஒரு அரைநாள் பிள்ளைகளோ உறவினரோ வந்து உட்காரட்டும். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்பவர்களிடம் கிழமையைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறேன். ரிட்டயர் ஆனால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்று என்னோடு வேலை பார்ப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

அப்படிச் சீக்கிரம் போனவர்களில் பலர் ஏற்கெனவே நோயாளிகள், அதனாலேயே முன்கூட்டி ஓய்வு பெற்றவர்கள். அவர்களை எண்ணி ஓய்வின்மேல் பழி போடக் கூடாது.

எதிலிருந்து ஓய்வு பெறுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பிரான்சின் மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்கள் 14,000க்கும் அதிகமானவர்களை ஓய்வுக்கு முன்னும் பின்னும் பல வருஷம் கேட்டார்கள். ஓய்வு பெற்றதும் "உடம்பு சரியில்லை" என்பவர்களின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. எட்டுப் பத்து வயது குறைந்தாற்போல. மோசமான வேலைச்சூழலில் இருந்தவர்களுக்கு நன்மை அதிகம். மிக நல்ல சூழலில் இருந்தவர்களுக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. இதைப் படித்தபோது ஓய்வைவிட வேலையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரிந்தது.

மறுபக்கமும் உண்டு. ஆஸ்திரியாவில் மாரியன்டால் என்ற சிற்றூரில் இருந்த நூற்பாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. மாரி யஹோடாவும் அவர் குழுவினரும் அங்கே போய் 1933இல் எழுதினார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துவிட்டது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள், மெதுவாகிவிட்டது. சம்பளம் போனது ஒரு பக்கம், நாளுக்கு ஒரு வடிவம் இல்லாமல் போனது இன்னொரு பக்கம். ஆகவே ஓய்வுக்குப் பிறகு காலையில் உங்களை எதிர்பார்த்து ஒரு ஆளாவது, ஒரு இடமாவது இருக்கும்படி இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்கள் லைனில் பாதிப் பேருக்கு ஐம்பதுக்குமேல். வேகம் குறைகிறது, லீவு கூடுகிறது. இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது, இரண்டாவது தடவை படித்தபோது போய்விட்டது. கேட்கவாவது தோன்றியதே.

ஜெர்மனியில் டிங்கால்ஃபிங்கில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலை 2007இல் இதே கேள்வியைக் கேட்டது. பத்து வருஷத்தில் தங்கள் ஆட்களின் சராசரி வயது 47 ஆகும் என்று கணக்குப் பார்த்து, இப்போதே அந்தச் சராசரி வயது வரும்படி ஆட்களைப் போட்டு ஒரு லைனை ஓட்டிப் பார்த்தார்கள். சின்னச் சின்னதாக 70 மாற்றம். கான்கிரீட் தரைக்குமேல் மரத்தளம், உயரம் மாற்றக்கூடிய மேஜை, உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைக்கு நாற்காலி, சின்னப் பாகங்களுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி, திரையில் பெரிய எழுத்து, நாளுக்குள்ளேயே இடம் மாறி மாறி வேலை. ஒரு வருஷத்தில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் ஏறி இளைஞர்கள் லைனுக்குச் சமமாக வந்தது, லீவும் குறைந்தது. மாற்றங்களில் பெரும்பகுதியைச் சொன்னவர்கள் அந்த லைனில் நின்றவர்களே.

பின்லாந்தில் யுஹானி இல்மரினன் குழு, நகராட்சி ஊழியர்களை நடுவயதிலிருந்து பல வருஷம் தொடர்ந்து பார்த்தது. நடுவயதில் ஒருவருக்கு வேலை செய்யும் திறன் எப்படி இருந்தது என்பதை வைத்தே, 28 வருஷம் கழித்து அவர் உயிரோடு, யார் துணையும் இல்லாமல் நடமாடுவாரா என்பதை ஓரளவு சொல்ல முடிந்தது. வயது ஏறியும் திறன் மேம்பட்டவர்களிடம் தென்பட்ட முக்கியமான விஷயம் சூப்பர்வைசரின் நல்ல அணுகுமுறை. உங்களைத்தான் சொல்கிறேன்.

நாளைக் காலை லைனில் ஒரு சுற்று போய், யார் எட்டாத உயரத்துக்குக் காலி டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நிற்கிறார், யார் அட்டையை மடித்துக் காலடியில் விரித்திருக்கிறார், யார் வரைபடத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோகிறார் என்று பாருங்கள். வேண்டியதை எல்லாம் அவர்களே ஏற்கெனவே செய்துகொண்டிருப்பார்கள், திருட்டுத்தனமாக. கையில் நோட்டு எடுத்துப் போக வேண்டாம். நோட்டைப் பார்த்தால் டப்பாவிலிருந்து இறங்கிவிடுவார்கள்.